கழிவு நீக்க வணிகமும் நம் சிறுநீரகமும்

கடந்த சில ஆண்டுகளாக நம் தமிழ் நிகழ்ச்சிகளில் ஓர் அங்கம் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. இறைவாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை ஆகியவற்றுக்கு நடுவே 'சுகாதார உரை' என்று ஒன்று. பத்து நிமிடம் என்று சொல்லி மேடையேறுகிறவர் நாற்பது நிமிடம் பேசுவார். அவர் மருத்துவராகவோ தாதியாகவோ இருக்க மாட்டார். ஏதாவது ஒரு நேரடி விற்பனை நிறுவனத்தில் தங்கம், வைரம் என்று நகைக்கடைப் பெயர் கொண்ட பதவியில் இருப்பார். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் இந்த உரையைக் கேட்டிருக்கிறேன். கோயில் மண்டபத்தில் கேட்டிருக்கிறேன். ஒரு கவிதை நூல் வெளியீட்டில்கூடக் கேட்டேன். அன்று கவிஞரின் ஏற்புரைக்குக் கிடைத்த நேரம் ஐந்து நிமிடம்.

உரை எல்லா இடத்திலும் ஒன்றுதான். "நம்ம ஒடம்பு இன்னிக்கு ஒரு குப்பைத்தொட்டிங்க. முப்பது வருசக் கழிவு உள்ளுக்குள்ள அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு. காடிய வருசா வருசம் சர்வீசுக்கு அனுப்புறீங்க. ஒடம்ப எப்ப அனுப்புனீங்க?" கூட்டம் சிரிக்கும். பிறகு பொட்டலம் வெளியே வரும். ஏழு நாள் திட்டம், இருபத்தொரு நாள் திட்டம். விலை சில நூறு வெள்ளி. "கெமிக்கலே இல்ல ஆண்டி, எல்லாம் இயற்கை." முன்வரிசையில் இருக்கும் ஆண்டிகளில் இரண்டு பேர் அன்றே வாங்குவார்கள். ஒருவர் உறுப்பினராகவும் சேர்ந்துவிடுவார்.

இதை ஏமாளிகளின் சொந்த விவகாரம் என்று நம்மில் படித்தவர்கள் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 'டீடாக்ஸ்' என்றும் 'கழிவு நீக்கம்' என்றும் இன்று விற்கப்படுவது ஒரு பொய். அந்தப் பொய் சிறுநீரகம் பழுதாகிக்கொண்டிருக்கும் ஒரு சமூகத்தைக் குறிவைத்துச் சொல்லப்படுகிறது. அதற்கு மேடையும் ஒலிவாங்கியும் பக்கமும் கொடுப்பது நாம்தான். அதனால் இதை நாம்தான் பேச வேண்டும்.

முதலில் எளிய கேள்விகள். நீங்கள் நீக்கும் நஞ்சின் பெயர் என்ன? அது எந்த உறுப்பில் தங்கியிருக்கிறது? உங்கள் பொடியைக் குடிப்பதற்கு முன் எவ்வளவு இருந்தது, குடித்த பின் எவ்வளவு குறைந்தது? இந்த மூன்றையும் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். ஒரு முறை "கன உலோகம்" என்று பதில் வந்தது. எந்த உலோகம் என்று கேட்டதற்கு, "நீங்க ரொம்ப நெகட்டிவா யோசிக்கிறீங்க சார்" என்றார்கள். இது நம் ஊர்ப் பேச்சாளர்களின் அறியாமை மட்டும் இல்லை. 2009இல் பிரிட்டனில் இளம் அறிவியலாளர்கள் குழு ஒன்று 'டீடாக்ஸ்' என்று விற்கப்பட்ட 15 பொருள்களை எடுத்துக்கொண்டு அவற்றின் தயாரிப்பாளர்களை விசாரித்தது. அந்தச் சொல்லுக்கு எந்த இரண்டு நிறுவனமும் ஒரே விளக்கம் தரவில்லை. 2015இல் கிளைன், கியாட் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த உணவுத் திட்டங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விற்பனையில் இருக்கும் எந்தத் திட்டத்துக்கும் முறையான ஒப்பீட்டுச் சோதனை நடந்ததாக அவர்களுக்குத் தெரியவரவில்லை.

உடம்பு சும்மா இருக்கிறதா? நம் கல்லீரல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடை. ஒவ்வொரு நிமிடமும் அதன் வழியே கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் ரத்தம் ஓடுகிறது. சாராயம், மாத்திரை, உடம்பே உண்டாக்கும் அமோனியா ஆகியவற்றை எல்லாம் நீரில் கரையும் பொருளாக மாற்றி, சிறுநீரகத்துக்கோ பித்தநீர் வழியாகக் குடலுக்கோ அனுப்புவது அதன் வேலை. சிறுநீரகங்கள் இரண்டும் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் 99 விழுக்காட்டை மீண்டும் உடம்புக்கே கொடுத்துவிட்டு, மீதி ஒன்றிரண்டு லிட்டரைத்தான் சிறுநீராக வெளியேற்றுகின்றன. நுரையீரல் கரியமில வாயுவைத் தள்ளுகிறது. வியர்வை பெரும்பாலும் நீரும் உப்பும்தான்; அதன் முதல் வேலை உடம்பைக் குளிர்விப்பது. ஞாயிற்றுக்கிழமை, பொது விடுமுறை என்று எதுவும் இந்த வேலைக்குக் கிடையாது.

'சுத்தம் செய்தல்' என்ற படமே இங்கே தவறானது. வீட்டைக் கூட்டுவதுபோல உடம்பைக் கூட்ட முடியாது. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவுச் சாராயம் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அவர்களைக் கொன்றது எது? மெத்தனாலைக் கல்லீரல் வழக்கம்போல 'சுத்தப்படுத்த' முனைந்தது. அதை ஃபார்மால்டிஹைடாகவும் பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றியது. அந்த அமிலம்தான் பார்வையைப் பறித்து உயிரையும் எடுக்கிறது. அப்போது மருத்துவர்கள் செய்யும் முதல் காரியங்களில் ஒன்று, கல்லீரலின் அந்த வேலையைத் தற்காலிகமாகத் தடுத்து நிறுத்துவது. கூடவே ரத்தச் சுத்திகரிப்பு. உண்மையான நச்சு முறிவு இப்படி நுணுக்கமானது. எந்த நஞ்சு, எவ்வளவு, எத்தனை மணி நேரத்துக்கு முன் என்று தெரிந்தால்தான் அதைச் செய்யவே முடியும். எல்லா நஞ்சையும் எல்லாருக்கும் எடுக்கிறேன் என்று ஒருவர் பொட்டலத்தோடு வந்தால், அவருக்கு எந்த நஞ்சைப் பற்றியும் தெரியாது என்றே பொருள்.

"இல்லண்ணே, நான் குடிச்சேன், மூணு கிலோ கொறஞ்சிச்சு" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. எடை குறைந்திருக்கும். சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தால், கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து முதலில் கரையும். அதில் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அந்தத் தண்ணீரும் கூடவே போகும். மறுவாரம் வழக்கம்போலச் சாப்பிட்டால் எல்லாம் திரும்பி வரும். வந்ததும் அடுத்த பொட்டலம் விற்கலாம்.

'டீடாக்ஸ் தேநீர்' என்ற பெயரில் வருகிறவற்றில் பலவற்றின் உள்ளே இருப்பது நிலாவரை இலை. நம்மவர்களுக்கு இது புதிதே இல்லை. உலகச் சந்தையில் இந்த இலைக்குத் 'தின்னவேலி சென்னா' என்று திருநெல்வேலியின் பெயரே வைத்திருக்கிறார்கள். அது பேதி மருந்து. மலச்சிக்கலுக்கு இரண்டொரு நாள் பயன்படும். பெருங்குடலைத்தான் அது முடுக்கிவிடுகிறது. சத்து உறிஞ்சப்படுவதோ அதற்கு முன்னால் சிறுகுடலில். அதனால் பேதியில் போவது நீரும் பொட்டாசியம் போன்ற உப்புகளும்தான். கொழுப்பும் போகாது, நஞ்சும் போகாது. மாதக்கணக்கில் குடித்தால் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறும்.

குடலில் ஒட்டியிருந்த 'பழைய கழிவு' என்று கயிறு கயிறாக ஒரு படத்தைப் புலனத்தில் அனுப்புவார்கள். குடலின் உட்சுவரில் உள்ள செல்கள் சில நாள்களுக்கு ஒரு முறை உதிர்ந்து புதிதாகின்றன. முப்பது வருடம் ஒன்றும் அங்கே ஒட்டிக்கொண்டிருக்க முடியாது. அந்தக் கயிறு, அவர்கள் விற்ற நார்ப்பொடியும் களிமண்ணும் தண்ணீரில் ஊறிக் கெட்டியானது. காலைத் தண்ணீரில் வைத்து மின்சாரம் பாய்ச்சும் கருவியும் இப்படித்தான். தண்ணீர் பழுப்பாவது உள்ளே இருக்கும் இரும்புத் தகடு துருப்பிடிப்பதால். காலை வைக்காமல் கொஞ்சம் உப்பு மட்டும் போட்டு ஓட்டினாலும் நிறம் மாறும். பாதத்தில் ஒட்டும் பட்டைகளை விற்றவர்கள்மீது 2009இல் அமெரிக்காவின் கூட்டரசு வணிக ஆணையமே வழக்குப் போட்டது. இங்கே அவை இன்னும் இரவுச் சந்தையில் கிடைக்கின்றன.

'இயற்கைதானே, கெடுதல் என்ன' என்பது அடுத்த வாதம். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் மெலிவதற்காக மூலிகை மாத்திரை உட்கொண்ட பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. மாத்திரையில் ஒரு மூலிகைக்குப் பதிலாக வேறொன்று சேர்ந்திருந்தது. அதிலிருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழித்தது. பின்னர் அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. நூறுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். அதுவும் இயற்கைதான். நம் ஊரிலோ இயற்கை என்ற பெயரே பல நேரம் பொய். மலேசிய, சிங்கப்பூர் சுகாதார அதிகாரிகள் தொடர்ந்து வெளியிடும் எச்சரிக்கைகளை வாசித்தால், மெலிவிக்கும் 'மூலிகை'ப் பொருள்களில் தடை செய்யப்பட்ட சிபுட்ராமினும் வலிநிவாரணி 'ஜமு'வில் ஸ்டீராய்டும் ஒளிந்திருப்பது தெரியும்.

இவர்கள் ஏன் 'நோயைக் குணப்படுத்தும்' என்று சொல்லாமல் 'கழிவை நீக்கும்' என்கிறார்கள்? இதற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. மலேசியாவின் 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் 20 நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது. நீரிழிவு, சிறுநீரக நோய், இதய நோய், புற்றுநோய் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. 'இனிப்பு நீரைக் குணமாக்கும்' என்று பொட்டலத்தில் அச்சிட்டால் வழக்கு வரும். 'உடலைத் தூய்மையாக்கும்' என்று அச்சிட்டால் எந்த நோயின் பெயரும் இல்லை. நோயின் பெயர் பிறகு வாய்மொழியாக வரும்: "எங்க மாமாவுக்கு சுகர் பதினாலு இருந்திச்சு, இப்ப மாத்திரையே இல்ல." கழிவு என்ற சொல்லின் மங்கலான தன்மைதான் இவர்களின் முதலீடு. 'மால்' எண்ணைக் காட்டி 'அரசாங்கமே அங்கீகரித்தது' என்பார்கள். அந்த எண் பொருள் பதிவு செய்யப்பட்டதைக் காட்டும். நோய் தீரும் என்பதற்கு அது சான்றிதழ் ஆகாது.

எனக்கு எதிராக எப்போதும் வைக்கப்படும் கடைசி அஸ்திரம் தமிழ் மரபு. "நம்ம பாட்டி விளக்கெண்ணெய் கொடுத்தாங்களே, அது என்ன?" கொடுத்தார்கள். தோட்ட லயங்களில் பிள்ளைகள் வெறுங்காலோடு திரிந்தார்கள். ஒழுங்கான கழிப்பறை கிடையாது. கொக்கிப்புழுவும் நாக்குப்பூச்சியும் வயிற்றில் இருந்தன. பாட்டி எதிர்த்து நின்ற எதிரிக்கு உருவம் இருந்தது. அது பேசினில் விழுந்தால் எண்ணிக்கூடக் காட்டினார். இருபதாவது மாடியில் குடியிருக்கும், காலணி இல்லாமல் வெளியே போகாத பேரப்பிள்ளையின் வயிற்றில் எதைத் தேடி இருநூறு வெள்ளிக்குப் பேதி வாங்குகிறோம்?

தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதியைப் பேதிக்காரர்கள் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறார்கள். நான்கு மாதத்துக்கு ஒரு முறை பேதி என்று அதில் இருப்பது உண்மைதான். அதைச் சுற்றி இருக்கும் மற்றவை மேடையில் வருவதில்லை. எத்தனை வேளை உண்பது, எப்போது தூங்குவது, எப்போது தூங்காமலிருப்பது, எந்தத் தண்ணீரைக் குடிப்பது என்று அந்தப் பாட்டின் பெரும்பகுதி அன்றாட ஒழுக்கத்தைத்தான் பேசுகிறது. குறளில் 'மருந்து' அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பத்தில் ஆறு குறள், முன் உண்டது செரித்த பின் அளவறிந்து உண்பதைப் பற்றியவை. மருந்து என்று தலைப்பிட்டுவிட்டுச் சாப்பாட்டைப் பற்றிப் பேசியவர் வள்ளுவர். அன்றாடப் பழக்கத்தை விற்க முடியாது. பேதியை விற்க முடியும். மரபின் பெயரால் எது பொறுக்கி எடுக்கப்படுகிறது என்பதை இது ஒன்றே காட்டிவிடும்.

இனி நஞ்சுக்கு வருகிறேன். மலேசியத் தமிழர் உடம்பில் உண்மையாகவே நஞ்சு ஏற்றப்பட்ட வரலாறு ஒன்று இருக்கிறது. அதை எந்த வைரப் பதவிக்காரரும் சொல்ல மாட்டார்.

பால்மரத் தோட்டங்களிலும் செம்பனைத் தோட்டங்களிலும் களைக்கொல்லி தெளிப்பதை 'மருந்தடிக்கிறது' என்போம். நம் தமிழில் நஞ்சுக்கு மருந்து என்று பெயர் வைத்தது தோட்டம். முதுகில் தோம்பைச் சுமந்து மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் தெளித்தவற்றில் பாராகுவாட்டும் ஒன்று. உள்ளே போனால் அதற்கு முறிவு மருந்து கிடையாது. நுரையீரலைத் தாக்கும், தன்னை வெளியேற்ற முயலும் சிறுநீரகத்தையும் பழுதாக்கும். நகம் கழன்ற விரல்களையும், மூக்கில் ரத்தம் வடிந்ததையும், தோல் வெந்துபோனதையும் 2002இல் தெனாகனித்தா அமைப்பு இந்தப் பெண்களிடம் கேட்டு ஆவணப்படுத்தியது. ஐரீன் பெர்னாண்டஸ் தலைமையில் இயங்கிய அமைப்பு அது. அந்த ஆண்டே மலேசிய அரசு பாராகுவாட்டைத் தடை செய்வதாக அறிவித்தது. 2006இல் தடை தளர்த்தப்பட்டது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1ஆம் தேதி. இடையில் கழிந்த ஆண்டுகளை எண்ணிக்கொள்ளுங்கள். அந்த உடம்புகளுக்கு நச்சு நீக்கம் தேவைப்பட்டது. முகக்கவசம், கையுறை, கை கழுவத் தண்ணீர், வேறு வேலை, தடைச் சட்டம் ஆகியவைதான் அந்த நச்சு நீக்கம். அதற்காகப் போராடியவர்கள் மிகச் சிலர். அதே பெண்களின் மகள்களிடம் இன்று வந்து "உங்க ஒடம்புல கழிவு சேர்ந்திருக்கு" என்று சொல்வது எனக்கு அருவருப்பாக இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அழுக்கானவர்கள் என்று சொல்லப்பட்ட ஒரு சமூகத்திடம், அழுக்கு உன் உள்ளேயே இருக்கிறது என்று சொல்லிக் காசு பறிக்கிறார்கள்.

தோட்டம் போய்விட்டது. பிள்ளைகள் பட்டணத்துக்கு வந்தார்கள். பாதுகாவலராக, துப்புரவுப் பணியாளராக, லாரி ஓட்டுநராக, தொழிற்சாலை இரவு ஷிப்டில் வேலை செய்கிறார்கள். இப்போது உடம்பைக் கெடுக்கும் பொருள் தோம்பில் இல்லை, கண்ணாடிக் குவளையில் இருக்கிறது. சர்க்கரையும் செம்பனை எண்ணெயும் சேர்ந்த இனிப்புக் கிரீமர் ஊற்றிய தே தாரிக். பன்னிரண்டு மணி நேர வேலையில் தூக்கம் வராமலிருக்க நான்கு குவளை. 2019இல் நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. சிங்கப்பூரில் 2017 தேசிய தினப் பேரணி உரையில் பிரதமர் லீ சியன் லூங் சொன்ன கணக்கு இன்னும் மோசம்: 60 வயதைத் தாண்டிய இந்தியரில் பத்துக்கு ஆறு பேருக்கு நீரிழிவு. சர்க்கரை ரத்தத்தில் நின்றுகொண்டே இருந்தால் சிறுநீரகத்தின் நுண்வடிகட்டிகள் மெல்ல மெல்லக் கிழியும். வலிக்காது. கால் வீங்கும்போதோ மூச்சு வாங்கும்போதோ பெரும்பகுதி போயிருக்கும். மலேசியாவில் இன்று 50,000க்கும் மேற்பட்டோர் ரத்தச் சுத்திகரிப்பில் உயிர் வாழ்கிறார்கள். புதிதாக அதில் சேர்கிறவர்களில் பாதிக்கு மேல் நீரிழிவால் வந்தவர்கள். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். சிறுநீரகம் தூக்கத்திலும் செய்துகொண்டிருந்த வேலையில் ஒரு பகுதியை மட்டும் செய்வதற்கே இவ்வளவு.

கழிவு நீக்க வணிகத்தின் மிகப் பெரிய கொடுமை நடப்பது இங்கேதான். காசு போவதை மன்னித்துவிடலாம். "இங்கிலீஷ் மருந்துதான் ஒடம்புல சேர்ற நஞ்சு, கிட்னியக் கெடுக்கிறதே அந்த மாத்திரைதான்" என்று சொல்லி நீரிழிவு மாத்திரையையும் ரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்த வைக்கிறார்கள். என் சொந்தத்தில் ஓர் அத்தை, தாமானில் எல்லாரும் மதிக்கும் மனுஷி, எட்டு மாதம் மாத்திரையை நிறுத்திவிட்டுப் பச்சைச் சாறு குடித்தார். "ஒடம்பு லேசா இருக்குய்யா" என்பார். எட்டாம் மாதம் மருத்துவமனைக்குக் கொண்டு போனபோது நேராக ரத்தம் கழுவும் இயந்திரத்தில் போட்டார்கள். பொட்டலம் விற்றவர் பார்க்க வந்தார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தார். சிறுநீரக நோயாளி பொட்டாசியம் மிகுந்த ஆரஞ்சைப் பார்த்துச் சாப்பிட வேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை.

இதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். பழுதான சிறுநீரகத்துக்கு இளநீர், வாழைத்தண்டுச் சாறு, கீரைச் சாறு ஆகியவற்றில் உள்ள பொட்டாசியமே ஆபத்து. அதை வெளியேற்ற முடியாமல் போனால் இதயம் நின்றுபோகலாம். பிளிம்பிங் என்று நாம் சொல்லும் நட்சத்திரப்பழம் இன்னும் மோசம். அதில் உள்ள ஒரு நச்சு ஆரோக்கியமானவர்களிடம் சிறுநீரில் போய்விடும். சிறுநீரக நோயாளியிடம் அது தங்கி, விடாத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை கொண்டுபோகும், உயிரும் போகலாம். அதன் சொந்தக்காரனான புளிப்புப் பிளிம்பியின் சாற்றைக் கொழுப்பு குறையும் என்று நம்பிக் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்தவர்களைப் பற்றிக் கேரள மருத்துவர்கள் 2013இல் எழுதினார்கள். அதிலுள்ள ஆக்சலேட் சிறுநீரகக் குழாய்களில் படிகமாகி அடைத்துக்கொண்டது. குழம்பில் போடும் நான்கு காய் யாரையும் கொல்லாது. சாறு பிழிந்து குவளை குவளையாகக் குடிப்பது வேறு.

அப்படியென்றால் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். உடம்பின் வேலைக்கு உதவும் பழக்கங்கள் உண்மையாகவே உண்டு. அவை சுவாரசியமற்றவை, பொட்டலம் கட்ட முடியாதவை. தாகத்துக்குத் தண்ணீர் குடியுங்கள். சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் போதும், நான்கு லிட்டர் கணக்கு வேண்டாம். கீரை, பயறு, கச்சான், பழம் என்று நார்ச்சத்தைத் தினமும் சேருங்கள். கல்லீரல் பித்தநீரில் தள்ளியதைக் குடலிலிருந்து மீண்டும் உறிஞ்ச விடாமல் வெளியே கொண்டுபோக நார்தான் உதவுகிறது. தே தாரிக்கைத் தே ஓ கோசோங் ஆக்குங்கள். முதல் இரண்டு வாரம்தான் கஷ்டம். பாக்கெட் மீயின் உப்புத் தூளில் பாதியைக் கொட்டிவிடுங்கள். சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ரத்தத்தில் ஏறும் சர்க்கரை குறையும். சம்சுவையும் சிகரெட்டையும் விடுங்கள். முட்டி வலிக்கு மருந்தகத்தில் தானாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும், மருத்துவரிடம் கேளுங்கள். ஆறேழு மணி நேரமாவது தூங்குங்கள். தூக்கம் கெட்டால் இன்சுலின் ஒழுங்காக வேலை செய்யாது.

இந்தப் பட்டியலை எழுதும்போதே எனக்கு உறுத்துகிறது. இரவு ஷிப்டில் நிற்கும் பாதுகாவலரிடம் ஏழு மணி நேரம் தூங்கச் சொல்வது யாருடைய அதிகாரம்? கழிப்பறைக்குப் போனால் சூப்பர்வைசர் முறைப்பான் என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் தொழிற்சாலைப் பெண்ணிடம் நிறையத் தண்ணீர் குடி என்பது கேலி இல்லையா? பழக்கம் என்பது ஒருவரின் மன உறுதியில் மட்டும் இல்லை. நேரத்திலும் சம்பளத்திலும் இருக்கிறது. 2023 முதல் மலேசிய வேலைவாய்ப்புச் சட்டம் வார வேலை நேரத்தை 48இலிருந்து 45 மணியாகக் குறைத்தது. அது நடைமுறையில் எத்தனை பாதுகாவலர்களை எட்டியது என்று கேட்பதும் நச்சு நீக்கம்தான். ஆலையில் தயாராகும் இனிப்பு பானங்களுக்கு 2019இல் லிட்டருக்கு 40 சென் வரி வந்தது. பிறகு உயர்த்தவும் செய்தார்கள். மாமாக் கடைக் குவளைக்கு அது பொருந்தாது. சிங்கப்பூரில் 2023 டிசம்பர் 30 முதல் கடையில் கலக்கும் பானங்களுக்கும் சர்க்கரைத் தரக் குறியீடு வந்துவிட்டது. இங்கே ஏன் இல்லை? கல்லீரலைப் பற்றிப் பேச வேண்டுமா? ஹெபடைட்டிஸ் சி மருந்தின் விலை எட்டாத உயரத்தில் இருந்தபோது, 2017இல் மலேசிய அரசு காப்புரிமையை மீறிச் சொஃபோஸ்புவிரை மலிவாகப் பெற உரிமம் வழங்கியது. அது எத்தனை கல்லீரல்களைக் காப்பாற்றும்! எந்தச் சுகாதார உரையிலாவது அதைக் கேட்டிருக்கிறீர்களா?

நம் எழுத்தாளர்களுக்கும் இயக்கங்களுக்கும் ஒன்று. விளம்பரக் காசு தருகிறார்கள், மண்டப வாடகையை ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதற்காக மக்கள் உடம்பை விற்காதீர்கள். அந்த நாற்பது நிமிடத்தில் ஒரு தாதியை அழைத்து வந்து கூட்டத்தில் இருப்பவர்களின் ரத்த அழுத்தத்தைப் பாருங்கள். சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்க்கும் சோதனைப் பட்டை ஒரு டீடாக்ஸ் பொட்டலத்தின் விலையில் ஒரு கூட்டத்துக்கே போதும்.

வாசிப்பவர்களுக்கும் ஒன்று. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளி. ரத்தத்தில் சர்க்கரை, கிரியாட்டினின், சிறுநீரில் அல்புமின் மூன்றையும் வருடத்துக்கு ஒரு முறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வரிசை நீளம், நம்பர் வர மதியம் ஆகும், முகப்பில் இருப்பவர் சிடுசிடுப்பார். போங்கள். வீட்டில் யாராவது மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாறு குடித்துக்கொண்டிருந்தால் அவர்களிடம் கோபப்படாதீர்கள். "வாங்கம்மா, ரத்தம் மட்டும் ஒரு தடவ பாத்துட்டு வந்துருவோம்" என்று நாளைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.